செம்பும் நாகமும் கைகோத்த ஊர்

ஏழுபாத்தியில் மனிதர்கள் இரண்டு உலோகங்களாக இருப்பது தெரியவந்த பங்குனி மாதத்து வியாழக்கிழமையன்றும் தண்ணீர் லாரி வழக்கம்போல ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. மூன்று பக்கம் உப்புப் பாத்தியும் ஒரு பக்கம் கழிமுகமுமாகக் கிடந்த அந்தக் குடியிருப்பு யாருடைய குத்தகை நிலத்தில் இருக்கிறது என்ற வழக்கு முடியாததால் மின்கம்பம் வரவில்லை. மின்கம்பம் வராததால் மூன்று கிலோமீட்டர் தள்ளி மணல்மேட்டில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு மோட்டார் வரவில்லை. மோட்டார் வராததால் லாரி வரும்வரை குடங்களோடு வரிசையில் நிற்பது அந்த ஊர்ப் பெண்களுக்குப் பல் துலக்குவதைப் போல அன்றாடக் கடமையாகிவிட்டிருந்தது. இடையில் யாரும் நுழைந்துவிடாதபடி, குடத்தைக் காலடியில் வைத்துவிட்டு, முன்னால் நிற்பவள் கையையும் பின்னால் நிற்பவள் கையையும் பற்றிக்கொண்டு நிற்பது அவர்கள் வழக்கம். உப்பு அரித்த விரல்களுக்குச் சுற்றிய கந்தல் துணி எந்நேரமும் உப்புநீரில் ஊறியிருக்கும் என்பதால், அந்த ஊரில் ஒருவர் கையை ஒருவர் பற்றுவது என்றால் ஈரத்துணியைப் பற்றுவதுதான்.

அன்று வரிசை லாரியைச் சுற்றி வளைந்து, தலையும் வாலும் வண்டியின் பின்புறத்தில் வந்து சந்தித்தது. பின்விளக்கு உடைந்து இரண்டு கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசையின் முதலாமவளான வடிவு, முகத்தில் இடித்த ஒரு கம்பியை விலக்கினாள். கடைசியில் நின்ற பேச்சிக்கனி, எல்லாரும் தள்ளித் தள்ளி எப்போதும் கடைசிக்கே போய்ச் சேர்பவள், கால் வலிக்கு வண்டியில் சாய்ந்தபோது மற்றக் கம்பி அவள் தோளில் பட்டது. விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே, நிற்கும் வண்டியில் விளக்குப் போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று சத்தம் போட்டார். வடிவு கையை எடுத்தாள், அணைந்தது, வைத்தாள், எரிந்தது. இருபத்து நான்கு பெண்களும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள், ஏனென்றால் லாரி பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது.

பேச்சிக்கனியின் அக்கா தங்கபுஷ்பம் அன்று மாலை வேலை முடிந்து வந்து இதைக் கேட்டபோது, அவளும் வியப்படையவில்லை. எத்தனை பேர், எந்த ஒழுங்கில் நின்றீர்கள் என்றுதான் கேட்டாள். துறைமுக நகரத்துப் பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடுவை கழுவி, அமிலம் அளந்து, அலமாரிச் சாவி வைத்திருப்பவள் அவள். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் பேராசிரியர்கள் சொல்லும் கதையை, கையில் முகவைகளோடு கதவோரம் நின்று இருபத்திரண்டு முறை கேட்டிருந்தாள். இத்தாலியில் ஒருவர் செத்த தவளையின் காலை இரண்டு உலோகங்களுக்கு நடுவே வைத்தபோது கால் துள்ளியது. மின்சாரம் உயிரில் இருக்கிறது என்றார் அவர். இல்லை, உலோகத்தில் இருக்கிறது என்றார் அதே நாட்டில் இன்னொருவர். அதை நிரூபிப்பதற்காகச் செம்பு வில்லை, உப்புநீர்த் துணி, துத்தநாக வில்லை, மறுபடி செம்பு, துணி, துத்தநாகம் என்று அடுக்கி ஒரு தூண் கட்டினார். தூணின் உச்சியையும் அடியையும் தொட்டவர் கை உதறிற்று. அதற்குப் பிறகு ஏழே ஆண்டில் அதுபோன்ற பெரிய தூண்களின் வலிமையால் ஒருவர் உருகிய காரத்தைப் பிளந்து, மண்ணும் தண்ணீரும் அதுவரை ஒளித்துவைத்திருந்த உலோகங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். அவை தண்ணீரில் விழுந்து ஊதா நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் எரிந்தன.

மஞ்சளாக எரிந்த உலோகம் நம் பாத்தி உப்புக்குள் இருப்பதுதான் என்று தங்கபுஷ்பம் ஒருமுறை சொன்னபோது, அப்படியானால் இத்தனை வருடமும் தலையில் சுமந்தது உலோகமா, அதுதான் கழுத்து இப்படி வலிக்கிறது என்றாள் வடிவு. தவளைக்கும் தகட்டுக்கும் நடந்த வழக்கைப் பொறுத்தவரை ஏழுபாத்தி அதை ஒரே வாரத்தில் தீர்த்துவைத்தது. இங்கே தவளையும் தகடும் ஒருவரே.

தங்கபுஷ்பம் பதிவேட்டில் கையெழுத்திட்டு, முள் அசையும் சிறு மானி ஒன்றைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்தாள். உப்பு எடைபோடும் கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, குடியிருப்பில் வேலைக்குப் போகும் வயதுடைய நூற்றுப் பதினான்கு பேரையும் ஒருவர்பின் ஒருவராகத் தன் கையைப் பற்றச் சொல்லி, முள் சாய்கிறதா, அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். ஐம்பத்தேழு பேர் செம்பு, ஐம்பத்தேழு பேர் துத்தநாகம். சாதியையோ வயதையோ ஆண் பெண் என்பதையோ உலோகம் மதிக்கவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த தங்கபுஷ்பம் செம்பு, பேச்சிக்கனி துத்தநாகம். அடுத்த நாளே ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டது: செம்புக்காரர், நாகக்காரர்.

பெயர் வைத்தபின் அந்த அதிசயம் ஊரின் மற்ற விஷயங்களோடு விஷயமாகக் கலந்துபோனது. பெண் கேட்டு வருபவர்கள் பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாக உலோகப் பொருத்தம் பார்த்தார்கள். இருபது வருடம் சண்டையில்லாமல் வாழ்ந்த தம்பதி, இருவரும் செம்பு என்று தெரிந்தபின், விளக்கெரியாத வீடு என்ற கேலியைப் பொறுக்காமல் ஒரு வாரம் பேசாதிருந்தார்கள். தினமும் அடித்துக்கொள்ளும் இன்னொரு தம்பதி ஒருவருக்கொருவர் பொருத்தமான உலோகம் என்று தெரிந்து, இப்போது பெருமையோடு அடித்துக்கொண்டார்கள். உப்பளத்தின் கங்காணி லிங்கத்துரை தான் செம்பு என்றதும், தன் அதிகாரத்துக்கு அது பொருத்தமான உலோகம்தானா என்று தங்கபுஷ்பத்திடம் தனியாக வந்து விசாரித்துப் போனார்.

கைகோத்து நின்று ஊருக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று முடிவானபோது, முதலில் அவர்கள் குடும்பம் குடும்பமாகத்தான் நின்றார்கள், கோயில் கொடை விழாவுக்கும் ஓட்டுப் போடவும் நிற்பதைப் போல. விளக்கு மூச்சுத்திணறி அணைந்தது. ஒரு செம்பு ஒரு நாகம், ஒரு செம்பு ஒரு நாகம் என்று தங்கபுஷ்பம் அவர்களைப் பிரித்து நிறுத்தியபோது, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே அந்நியர் வந்தார்கள், பேசாதிருந்த பங்காளிகள் கைபற்ற வேண்டிவந்தது, சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் கொடுத்தார்கள். மின்சாரத்துக்குக் கை போதும். காலையில் ஒரு முறைக்காரர்கள் நின்று மணல்மேட்டுக் கிணற்றுக்கு ஊர் பணம் போட்டு வாங்கிய மோட்டாரை ஓட்டினார்கள். மாலையில் இன்னொரு முறைக்காரர்கள் நின்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் கொட்டகைக்கு விளக்கேற்றினார்கள். தண்ணீர் லாரி ஒரு நாள் வந்து, யாரும் இல்லாததைக் கண்டு, ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. அன்று ஏழுபாத்தியில் கறிக்குழம்பு வைத்தார்கள்.

முறை மாற்றி நிற்பதென்று ஏற்பாடு. ஆனால் பேச்சிக்கனிக்கு மட்டும் முறை கிடையாது. உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு: பருவத்தின் முதல் உப்பைக் கைராசி உள்ளவர்தான் வார வேண்டும், வாரிய பிறகு அந்தப் பருவம் முடியும்வரை அந்தக் கையை மாற்றக் கூடாது, மாற்றினால் பாத்தி பூக்காது. முதல் விளக்கு எரிந்தபோது கம்பியில் பட்டது பேச்சிக்கனியின் தோள் அல்லவா, ஆகவே வெளிச்சத்தின் கைராசிக்காரி அவளே என்று ஊர் தீர்மானித்தது. காலை வரிசையிலும் அவள், மாலை வரிசையிலும் அவள், மழைக்கு இடையில் கிடைத்த வரிசையிலும் அவள்.

நாற்பத்தொரு வயதில், இடதுகாலைச் சற்று இழுத்து நடக்கும் பேச்சிக்கனியைப் பெண்பார்க்க மூன்று முறை வந்தார்கள். மூன்றும் காப்பியோடு முடிந்தன. அதன்பின் அவளை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. இப்போது விடியும் முன்னே அவள் பெயரைச் சொல்லி வாசலில் கூப்பிட்டார்கள். உட்கார முக்காலி வைத்தார்கள். அவள் கந்தல் துணியைத் தங்கள் பிள்ளைகளை விட்டு அலசச் சொன்னார்கள். அவள் கூந்தலில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்குச் செம்புத் துணையாக மாலைகளில் நின்று அந்தக் கையைப் பற்றியவள் தங்கபுஷ்பம்தான். அக்காவைவிடப் பொருத்தமான துணை யார் என்று அவளே அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு மாலை, விளக்கு சீராக எரிந்துகொண்டிருக்கையில், தங்கபுஷ்பம் தங்கையின் உள்ளங்கையின் ஊடாகத் தன் விரல்களைப் பார்த்தாள். கை கண்ணாடியாகவில்லை, தேய்ந்திருந்தது. காதுமடல் பீடிக் காகிதம்போல் காற்றில் நடுங்கிற்று. முழங்கையில், அமிலத்தில் கிடந்த தகட்டின் விளிம்பில் விழும் சிறுசிறு துளைகளைப் போல, துளைகள் இருந்தன. ஆய்வகத்தில் எத்தனையோ ஆண்டுகளாக அவள் பழைய மின்கலங்களைப் பிரித்துக் கழுவியிருக்கிறாள். செம்புத் தகடு பளபளவென்று சற்றுத் தடித்து வெளியே வரும், துத்தநாகத் தண்டு பாதி கரைந்து கூர்மையாகிக் கிடக்கும், அதை எறிந்துவிட்டுப் புதிது எடுக்கச் சொல்வார்கள். இதை எல்லாம் அறிந்த ஒருத்தி, நான்கு மாதம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்பதல்ல, சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, தன் வளையல்கள் ஏன் இவ்வளவு இறுக்கமாகிவிட்டன என்று யோசித்தாள்.

மறுநாள் காலை, மாசி மாதத்து மருத்துவ முகாமில் எடை எழுதிக் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு, தங்கையைக் கொட்டகைத் தராசில் ஏற்றினாள். ஐம்பத்திரண்டு கிலோவாக இருந்தவள் முப்பத்துமூன்று. இன்றிலிருந்து வரிசைக்குப் போகாதே என்றாள் தங்கபுஷ்பம். பேச்சிக்கனி தராசிலிருந்து இறங்கவேயில்லை.

"நாப்பது வருசமா இந்தக் கை வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்லக்கா," என்றாள். "இப்ப கேக்காவ. நீ தராசைக் காட்டுத."

"நீ தீந்துபோவட்டி."

"தீந்தா என்ன. சும்மா இருந்தாலும் தீரத்தானே செய்வேன். அதுக்கு எரிஞ்சு தீந்துட்டுப் போறேன்."

பேச்சில் தோற்றால் கையால் ஏதாவது அளப்பது தங்கபுஷ்பத்தின் பழக்கம். அந்த வாரம் முழுவதும் வீடு வீடாகப் போய் முகாம் அட்டைகளைச் சேகரித்தாள். தொலைத்தவர்களைத் தேட வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொன்னாள். வராதவர்கள் வீட்டு வாசலில் போய், அவர்கள் வரும்வரை நின்றாள்.

தராசில் முதலில் அவளே ஏறினாள். ஐம்பத்தெட்டு, இப்போது அறுபத்தேழு. பிறகு ஒருவர்பின் ஒருவராக ஏற்றி, கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினாள், நாகக்காரர் இடப்பக்கம், செம்புக்காரர் வலப்பக்கம். நாகக்காரர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ அளவில் இளைத்திருந்தார்கள். செம்புக்காரர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ அளவில் கூடியிருந்தார்கள். மொத்தத்தில் நாகம் இழந்தது நூற்றுமுப்பத்தொன்று, செம்பு பெற்றது நூற்றிருபத்தேழு.

"நான் வச்ச இட்லியில கூடுனதுன்னுல்லா இருந்தேன்," என்றாள் வடிவு, தன் எண்ணைப் பார்த்தபடி. சிலர் சிரித்தார்கள். "சரி, அந்த மிச்சம் நாலு கிலோதான் வெளிச்சமாப் போச்சாக்கும்?"

வெளிச்சத்துக்கு எடை கிடையாது என்றாள் தங்கபுஷ்பம். துத்தநாகத்தின் ஓர் அணு செம்பின் ஓர் அணுவைவிடச் சற்றுக் கனம், அவ்வளவே வித்தியாசம். அங்கே ஒன்று போனால் இங்கே ஒன்று வந்திருக்கிறது, எண்ணிப் பார்த்ததுபோலச் சரியாக. யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆனால் எடுத்திருக்கிறோம். இதை அவள் பாடம் நடத்தும் குரலில்தான் சொன்னாள், அதனால் கூட்டம் அமைதியாகக் கேட்டது. இனி வரிசையை நிறுத்த வேண்டும் என்று அவள் சொன்னதும் அமைதி போய்விட்டது.

லிங்கத்துரை எழுந்தார். அவர் கெட்டவர் அல்ல. நூறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துப் பழகியவர், எதை நிறுத்தினால் எது நிற்கும் என்று உடனே கணக்கிடுபவர். மோட்டார் நின்றால் பிள்ளைகளுக்கு மறுபடி லாரித் தண்ணீர்தான் என்றார். போன கோடையில் லாரித் தண்ணீர் குடித்து மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நினைவூட்டினார். ஒரு ஊருக்காக ஆளுக்கு ரெண்டு கிலோ பெரிய விஷயமா, வேலை செய்தால் உடம்பு தேயத்தானே செய்யும் என்று கேட்டார். பேச்சிக்கனிக்கு வேண்டுமானால் ஒரு மாதம் ஓய்வு கொடுக்கலாம், ஆனால் பருவம் முடியாமல் கைராசிக் கையை எடுப்பது முறையா என்றும் கேட்டார். பல தலைகள் ஆடின. நாகக்காரர்களின் தலைகளும் ஆடின. அதுதான் தங்கபுஷ்பத்துக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி," என்றாள் அவள், "தண்ணிக்கு நான் பதில் வச்சிருக்கேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். நான் என் தங்கச்சியத் தின்னு ஒம்பது கிலோ பெருத்திருக்கேன். நீங்க யாரைத் தின்னு எவ்வளவு பெருத்தீங்கன்னு சுவத்துல எழுதியிருக்கு. அதைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

லிங்கத்துரை சுவரைப் பார்த்தார். மூன்று கிலோ நூறு. காலை வரிசையில் அவருக்கு நாகத் துணையாக நிற்பது அவருடைய மருமகள். அவர் உட்கார்ந்தார்.

நிறுத்தினால் மட்டும் போதாது, போனது திரும்ப வேண்டும் என்று தங்கபுஷ்பம் தொடர்ந்தாள். அந்தத் தூணைக் கட்டிய அறுபது ஆண்டுகளுக்குள் இன்னொருவர் ஒரு மின்கலத்துக்குள் வெளியிலிருந்து எதிர்த்திசையில் மின்சாரம் செலுத்தினார். கலத்துக்குள் மாறிப்போனதெல்லாம் வந்த வழியே திரும்பித் தன் பழைய நிலையை அடைந்தது. அப்படி நம் வரிசைக்குள்ளும் செலுத்தலாம். ஆனால் நாகக்காரர் மட்டும் வந்து நின்றால் ஆகாது. செம்பிலிருந்து கழன்றால்தான் நாகத்தில் போய்ச் சேரும். பெற்றவர்கள் வந்து நிற்க வேண்டும், ஒவ்வொருவரும், தங்கள் துணையின் கையைப் பற்றி, பெற்றது போகும்வரை. ஒரு செம்பு வராவிட்டால் ஒரு நாகம் வெறுங்கையோடு நிற்கும்.

அந்த மின்சாரத்துக்கு எங்கே போவது என்றுதான் அடுத்த கேள்வி. கல்லூரியில் அவள் கேட்டிருந்தாள். நூற்றுப் பதினான்கு வெளியாட்கள் ஆய்வகத்துக்குள் வர நிர்வாகக் குழு கூடித் தீர்மானிக்க வேண்டும், குழு மார்கழியில் கூடும் என்றார்கள். ஆனால் நகரத்து மின் அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தை ஏழுபாத்தியில் அறியாதவர் இல்லை. மின்கம்பம் கேட்டுப் பதினோரு ஆண்டுகளாக அந்தப் பெஞ்சுகளில் முறைவைத்து உட்கார்ந்து வருகிறார்கள். பெஞ்சுக்கு மேலே ஒரு ப்ளக் பலகை; அதன்மேல் கைப்பட எழுதிய அட்டை: பொதுமக்கள் செல்போன் சார்ஜ் செய்துகொள்ளலாம். நாளையல்ல, அடுத்த வாரத் திங்கட்கிழமை அங்கே போகிறோம் என்றாள் தங்கபுஷ்பம். பொதுமக்கள் நாம்தான்.

திங்கட்கிழமை காலை உப்பு ஏற்றும் இரண்டு லாரிகள் பாத்தியின் ஓரத்தில் நின்றன. நாகக்காரர்கள் முதலில் வந்து ஏறினார்கள், விழாவுக்குப் போகிறவர்களின் கூச்சத்தோடு. தங்கபுஷ்பம் கீழே நின்று செம்புக்காரர்களை எண்ணினாள். ஏழு மணிக்குப் பதினொரு பேர். ஏழரைக்கு இருபத்தாறு. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பியவர்கள் வீட்டுக்கு அவள் நடந்து போனாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை என்றாள், திரும்பி வந்தாள். அவர்கள் அவள் பின்னாலேயே வந்தார்கள். எட்டு மணிக்கு ஐம்பத்தைந்து. ஒருவர் மாமனார் ஊருக்குப் போய்விட்டார் என்பது நிஜம்தான். இன்னொருவர் உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னார். அவருடைய துணையாக நின்று வந்த நாகக்காரர் லாரியிலிருந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கத்துரை ஐம்பத்து நான்காவதாக வந்தார், மருமகளுக்குப் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துக்கொண்டு.

வராமலிருந்த நாகம் ஒன்றே ஒன்று. பேச்சிக்கனி வீட்டுக்குள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஊர் முன்னால் சுவரில் தன் எடையை எழுதிய அக்காவோடு அவள் எட்டு நாளாகப் பேசவில்லை. தங்கபுஷ்பம் வாசலில் நின்று கூப்பிட்டதும் அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அப்போது தூக்குச்சட்டியும் கையுமாக லாரியிலிருந்து இறங்கி வந்த வடிவு, தங்கபுஷ்பத்தை விலகி நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"பேச்சிக்கனி, வாட்டி," என்றாள். "இந்தத் தடவ குடுக்கதுக்கு இல்ல. வாங்கதுக்கு."

சுவர் பக்கம் திரும்பியபடியே பேச்சிக்கனி பேசினாள். "வாங்கதுக்கு எப்படி நிக்கணும்னு எனக்குத் தெரியாதே, மதினி."

"சும்மா நில்லு. நாங்க நிக்கலையா இத்தன நாளும்."

மின் அலுவலகத்தில் எல்லாம் முறைப்படியே நடந்தது. எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, புதிய இணைப்பா, பழைய மனுவா என்று கேட்டார். சார்ஜ் செய்ய வந்திருக்கிறோம் என்றாள் தங்கபுஷ்பம், சுவரிலிருந்த அட்டையைச் சுட்டிக்காட்டி. எத்தனை செல்போன் என்று கேட்டார். செல்போன் இல்லை என்று அவள் விளக்கினாள், தொடக்கத்திலிருந்து, எதையும் விடாமல், தவளையையும் தூணையும் உட்பட. எழுத்தர் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு உள்ளே போய், அதிகாரியிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து, மனிதர்களைச் சார்ஜ் செய்யக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆனால் நடைபாதையை மறிக்காமல் சுவரோரமாக நிற்க வேண்டும் என்றார். அதிகாரி ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்து, இது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுவர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக ஓடுவது. அதை ஒரே திசையில் ஓடவைக்கும் சிறு பெட்டிகள் ஆறு, பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கல்லூரியிலிருந்து அவள் கொண்டுவந்திருந்தாள். பத்துப் பத்து ஜோடிகளாக ஐந்து வளையங்கள், மிச்சத்தில் ஒரு சிறு வளையம். உப்புநீர் வாளியில் துணிகளை நனைத்து எல்லார் கையிலும் சுற்றினாள். செம்பு ஓரத்தையும் நாக ஓரத்தையும் ஒவ்வொரு வளையத்திலும் இருமுறை சரிபார்த்தாள். திசை மாறினால் மிச்சமும் போய்விடும் என்பதால் மூன்றாம் முறையும் பார்த்தாள். துணையில்லாத இரண்டு நாகக்காரர்களுக்கு யார் என்று கேட்டபோது, வடிவு தன் இன்னொரு பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டாள்; தனக்கு ஏறியது ரெண்டு கிலோதான், ஆனால் தன்னிடம் சொந்தச் சரக்கும் நிறைய இருக்கிறது என்றாள். இன்னொருவரை லிங்கத்துரை தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

ப்ளக்கைச் சொருகியதும் கூடத்தின் குழல்விளக்குகள் ஒரு கணம் மங்கி, பிறகு மங்கலாகவே நிலைத்தன. மின்விசிறிகள் தளர்ந்து சுற்றின. கணினிகள் அணைந்து மறுபடி எழுந்தன. எழுத்தர்கள் ஜன்னல்களைத் திறந்து, வெயில் வெளிச்சத்தில் கோப்புகளைப் பார்த்தார்கள். கட்டணம் கட்ட வந்தவர்கள் வளையங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையின் விரலை வடிவின் முழங்கையில் வைத்துப் பார்த்து, குழந்தை சிரித்ததும் நகர்ந்தாள். நண்பகலில் சோற்றைப் பிசைந்து, கையை விடாமல் நின்றவர்களுக்கு, லாரியில் கூடவந்திருந்த பிள்ளைகள் ஊட்டினார்கள். இரண்டு மணிக்குக் கால் மரத்தவர்கள் உட்கார்ந்தார்கள், கையை விடாமல். யாருக்கும் வலிக்கவில்லை, ஆனால் செம்புக்காரர்கள் ஒவ்வொருவரும், வெகுநாள் முதுகில் இருந்ததை இறக்கிவைக்கும்போது வரும் தலைசுற்றலை அறிந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் மூன்று மணிக்குக் கையை உருவப் பார்த்தார். அவருடைய நாகத் துணை, அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியிராத கிழவர், விடவில்லை.

முதல் வளையத்தில் தங்கபுஷ்பத்தின் வலக்கையைப் பற்றிப் பேச்சிக்கனி நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் தரையையே பார்த்திருந்தாள். நான்கு மணியளவில், அக்கா தன் காதுமடலையே பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்து தலையைத் திருப்பினாள். காதுமடல் காற்றில் நடுங்கவில்லை. முழங்கையின் துளைகளில் இரண்டு மூடியிருந்தன. மிச்சம் அப்படியே இருந்தன. கணக்குப்படி இன்னும் ஆறு வேலை நாட்களாவது ஆகும் என்று தங்கபுஷ்பம் மனத்துக்குள் வகுத்து வைத்திருந்தாள். இத்தனை பேரை இன்னும் ஆறு முறை லாரியேற்ற முடியுமா என்பதற்கு அவளிடம் கணக்கு இல்லை.

ஐந்தே முக்காலுக்கு எழுத்தர் சாவிக்கொத்தோடு எழுந்து வந்தார். அலுவலக நேரம் முடிந்துவிட்டது, ப்ளக்கை எடுத்துவிடுங்கள் என்றார், கடுமையில்லாமல், பதினோரு ஆண்டுகளாக இதே ஊர்க்காரர்களிடம் இதே நேரத்தில் இதையே சொல்லிப் பழகிய குரலில். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து செருப்பைத் தேடுவது ஏழுபாத்திக்காரர்களுக்கும் பழக்கம். பல கைகள் தளர்ந்தன. தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன் வேறொரு குரல் வந்தது, அந்தக் கூடத்தில் இதுவரை ஒருமுறையும் கேட்டிராத குரல்.

"இருங்க சார்," என்றாள் பேச்சிக்கனி. "எனக்கு வரவேண்டியது இன்னும் இருக்கு."

எழுத்தர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் அந்த வளையத்தைப் பார்த்தார், அதற்கு அப்பாலிருந்த வளையங்களைப் பார்த்தார், தளர்ந்த கைகள் ஒவ்வொன்றாக மறுபடி இறுகுவதைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய், சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேச்சிக்கனி துணி சுற்றிய விரல்களை அக்காவின் விரல்களுக்குள் ஆழமாக நுழைத்து, வேண்டும் என்று கேட்பவளின் பிடியாக, பிடித்தாள். தனக்குள்ளிருந்து கனமான ஏதோ ஒன்று மெல்லக் கிளம்பித் தங்கையின் பக்கம் நகர்வதைத் தங்கபுஷ்பம் உணர்ந்தாள். இன்னும் இன்னும் என்று கையை அழுத்திக் கொடுத்தாள்.